கோடரியா, எழுதுகோலா?

ஜூன் மாதம் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள். ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 1972-இல் குறித்துவைத்த அந்த நாளில் பள்ளிகள்தோறும் மரக்கன்று நடுகிறோம். ஆனால் திருச்சபையின் நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். அதே ஜூன் 5-ஆம் நாள், ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தவருடைய திருநாளாக இருக்கிறது! அவர்தாம் ஜெர்மனியின் திருத்தூதர் என்று போற்றப்படும் ஆயர் புனித போனிபாஸ். கையிலே கோடரி, காலடியிலே வீழ்ந்து கிடக்கும் ஓக் மரம் என்றே ஓவியர்கள் அவரைத் தீட்டி வந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள்களும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் அது நம் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்பாமற் போகாது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை, ஒரே நாளில் செய்த ஒரே செயலைக் கொண்டு நினைவில் வைத்திருப்பது சரிதானா? அவருடைய பணி நிலைத்து நின்றது அந்தக் கோடரியினாலா? இல்லை என்பதே என் கருத்து. அவர் பணியை நிலைநிறுத்தியவை எழுதுகோலும் ஏடும்; அந்த ஏடுகளை எழுதி அனுப்பியவர்களிலும், பிறகு தாங்களே புறப்பட்டு வந்து கற்பித்தவர்களிலும் பெண்கள் பலர். பெண்கள் படிக்கும் ஒரு பள்ளியின் மலரிலே இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இலக்கண ஆசிரியர்

அவருடைய இயற்பெயர் வின்பிரிட். கி.பி. 675-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கே வெசெக்ஸ் நாட்டில், ஆங்கிலோ-சாக்சன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். டெவன் பகுதியிலுள்ள கிரெடிட்டன் என்னும் ஊரே அவர் பிறந்த ஊர் என்பது மரபு. வழிப்பயணமாக வந்த குருக்களின் பேச்சைக் கேட்டுச் சிறு வயதிலேயே துறவு வாழ்வை விரும்பினார். தந்தை இசையவில்லை. தம் சொத்துக்கும் பெயருக்கும் வாரிசாக வளர வேண்டிய பிள்ளை மடத்துக்குப் போவதா என்று தடுத்தார். பின்னர் தந்தை கடுமையாக நோயுற்றார். அப்போதுதான் மனம் மாறி, மகனை எக்ஸிட்டர் மடத்துக்கு அனுப்ப இசைந்தார்.

அங்கிருந்து நர்ஸ்லிங் என்னும் மடத்துக்குச் சென்ற வின்பிரிட், வின்பெர்ட் என்ற மடத்தலைவரிடம் பாடம் கேட்டார். பிறகு அதே மடத்தில் ஆசிரியரானார். இலத்தீன் இலக்கண நூல் ஒன்றும் யாப்பு பற்றிய நூல் ஒன்றும் எழுதினார். நற்பண்புகள் பத்து, தீக்குணங்கள் பத்து; ஒவ்வொன்றும் தானே பேசுவதுபோல இருபது விடுகதைப் பாடல்களும் இயற்றினார். அடிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் விடை தானாக வந்துவிடும். விளையாட்டாகவே பாடம் சொல்லத் தெரிந்த ஆசிரியர்!

இந்த அமைதியான வாழ்வை நாற்பது வயதில் விட்டுப் புறப்பட்டார். 716-இல் கடல் கடந்து, இன்று நெதர்லாந்தின் கரையோரமாக உள்ள ஃபிரீசியாவுக்கு மறைபரப்பச் சென்றார். அங்கே மன்னன் ராட்பாடுக்கும் ஃபிராங்க் தலைவன் சார்லஸ் மார்ட்டலுக்கும் போர் மூண்டிருந்தது. ஆலயங்கள் அழிந்து கிடந்தன. ஒன்றும் செய்ய இயலாமல் நர்ஸ்லிங்குக்கே திரும்பினார். சிறிது காலத்தில் வின்பெர்ட் இறக்கவே, மடத்தார் இவரையே தலைவராகத் தேர்ந்தனர். வேறொருவராக இருந்தால், “போனது போகட்டும், இனி இங்கேயே இருப்போம்” என்று தங்கியிருப்பார். இவரோ அந்தப் பதவியை ஏற்காமல் 718-இல் மறுபடியும் புறப்பட்டார். அதற்குப் பிறகு அவர் தாய்நாட்டைக் காணவே இல்லை.

719 மே மாதம் உரோமையில் பாப்பரசர் இரண்டாம் கிரகோரி அவருக்குப் போனிபாஸ் என்ற புதுப்பெயரைச் சூட்டி, ஜெர்மானிய மக்களிடையே பணிசெய்ய அனுப்பினார். 722 நவம்பர் 30-ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அப்போது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பாப்பரசர் அவருடைய விசுவாசத்தைப் பற்றி வாய்மொழியாக வினவினார். உரோமை மக்களின் பேச்சுவழக்கில் தமக்குப் பழக்கம் போதாது என்று கூறி, எழுதித் தர அவகாசம் வேண்டினார் போனிபாஸ். அவ்வாறே எழுதியும் கொடுத்தார். ஆயராவதற்கு முன்பே அவர் நம்பியது எழுத்தைத்தான் என்பதை இதிலே காண்கிறோம்.

வீழ்ந்த மரம்

இனிக் கோடரிக்கு வருவோம். 723-ஐ ஒட்டி, ஹெஸ்ஸே நாட்டில் கைஸ்மார் என்னும் இடத்தில் மிகப் பழைமையான ஓக் மரம் ஒன்று நின்றது. அங்குள்ள மக்கள் அதை இடித்தெய்வமாகிய தோனாருக்கு உரியதாக வணங்கி வந்தனர். மக்கள் கூடிச் சபித்துக் கொண்டிருக்க, போனிபாஸ் அதை வெட்டத் தொடங்கினார். சிறிது வெட்டியவுடனே மேலிருந்து பெருங்காற்று மோதி மரம் நான்கு துண்டாகப் பிளந்து விழுந்தது என்றும், அதைக் கண்ட மக்கள் நம்பிக்கை கொண்டனர் என்றும், அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் வரலாறு எழுதிய வில்லிபால்டு என்ற குரு கூறுகிறார். அந்த மரத்தைக் கொண்டே புனித இராயப்பர் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பப்பட்டது. அந்த இடத்தில் கிறிஸ்து பிறப்பு மரம் முளைத்தது என்று வழங்கும் கதை பிற்காலத்தது. வில்லிபால்டின் நூலில் அது இல்லை.

அந்தக் காலத்துத் துணிவைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. தம்மைச் சபிக்கும் கூட்டத்தின் நடுவே தனித்து நிற்க மனவலிமை வேண்டும். ஆனால் முழுமையான உண்மையையும் பார்க்க வேண்டும். அவர் கையில் சார்லஸ் மார்ட்டல் கொடுத்த பாதுகாப்புக் கடிதம் இருந்தது. தம் பழைய நண்பரான வின்செஸ்டர் ஆயர் டேனியலுக்குப் பிற்காலத்தில் எழுதிய கடிதத்தில் போனிபாஸே இதை மறைக்காமல் சொல்கிறார். ஃபிராங்க் தலைவனின் ஆதரவும் அவனிடம் மக்களுக்குள்ள அச்சமும் இல்லாவிட்டால் தம்மால் பழைய சடங்குகளைத் தடுத்திருக்க முடியாது என்கிறார் அவர். ஆக, கோடரியின் பின்னே வாளும் இருந்தது.

மரம் வீழ்ந்த அதே காலத்தையொட்டி ஆயர் டேனியல் அவருக்கு எழுதிய மடல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. அந்த மக்களுடைய தெய்வங்களின் வம்ச வரலாற்றை மறுத்துச் சண்டையிட வேண்டாம், அவர்களே சொல்லட்டும், பிறகு அமைதியாகக் கேள்வி கேளுங்கள். இந்த உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, இல்லையா? உண்டென்றால் அதற்குமுன் அதை ஆண்டவர் யார்? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு அவர்களைச் சிந்திக்க வையுங்கள்; ஏளனமோ கோபமூட்டும் பேச்சோ வேண்டாம் என்பது அம்மடலின் சாரம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே இப்படி ஓர் அறிவுரை!

நாம் பல சமயத்தவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பவர்கள். பழைய சரித நூல்கள் அந்த ஹெஸ்ஸே மக்களை ‘அஞ்ஞானிகள்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடும். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிக்கவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்த பிறகு, நாம் அந்தச் சொல்லை அப்படியே சொல்லிக்கொண்டு போகலாகாது. மறைக்கல்வி வகுப்பில் ஓக் மரத்தின் கதையைச் சொல்லும்போது டேனியலின் மடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளைகள் பாதிப் பாடத்தையே கற்பார்கள்.

கடல் கடந்த கடிதங்கள்

மரம் வீழ்ந்தது ஒரு நாளில். அதன் பிறகு போனிபாஸ் முப்பது ஆண்டுகள் உழைத்தார். அந்த முப்பது ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்பதை அவருடைய கடிதங்களிலிருந்தே அறிகிறோம். அவர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாகக் கடிதத் தொகுப்பு ஒன்று அழியாமல் நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. பாப்பரசர்களும் ஆயர்களும் மன்னர்களும் அதிலே வருகிறார்கள். அவர்களோடு சரிநிகராக மடத்துச் சகோதரிகளும் வருகிறார்கள்.

அந்தக் கடிதங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்பது பணமல்ல, படையல்ல, புத்தகம். யார்க் நகரிலிருந்தும் வேர்மவுத் மடத்திலிருந்தும் பீட் என்னும் பேரறிஞரின் நூல்களை அனுப்புமாறு கேட்கிறார். முதுமையில் கண்பார்வை மங்கியபோது டேனியலுக்கு எழுதுகிறார். தம் ஆசிரியர் வின்பெர்ட்டிடம் இருந்த இறைவாக்கினர் நூல், எழுத்துகள் தனித்தனியாகத் தெளிவாக எழுதப்பட்டது. நெருக்கி எழுதிய சிற்றெழுத்துகளை இப்போது தம்மால் படிக்க முடியவில்லை. அந்த நூலை அனுப்பி வைத்தால் முதுமையில் அதைவிட ஆறுதல் வேறில்லை என்கிறார். பேராயரான பிறகும் பள்ளிப் பருவத்து ஆசிரியரின் புத்தகத்தை நினைத்து ஏங்கும் அந்த முதியவரை நினைத்தால் நெஞ்சம் நெகிழ்கிறது.

எட்பர்கா என்ற மடத்தலைவிக்கு 735-ஐ ஒட்டி அவர் எழுதிய கடிதம் இன்னும் சுவையானது. புத்தகங்களும் உடைகளும் அனுப்பியதற்கு முன்னரே நன்றி கூறியிருந்தார். இம்முறை இராயப்பரின் திருமுகங்களைப் பொன்னெழுத்தில் எழுதித் தருமாறு கேட்கிறார். போதிக்கும்போது கண்முன்னே பொன்னெழுத்து மின்னினால், புறத்தோற்றத்தில் மயங்கும் மக்களுக்குத் திருநூலின்மேல் மதிப்பு வரும் என்பது அவர் எண்ணம். எழுதுவதற்கு வேண்டிய பொருளையும் ஒரு குருவின் கையில் கொடுத்து அனுப்புகிறார். பொன்னெழுத்து எழுதுவது எளிய வேலையன்று. பதப்படுத்திய தோல், தேர்ந்த கை, பழுதற்ற இலத்தீன் அறிவு, மாதக்கணக்கான பொறுமை எல்லாம் வேண்டும். அந்த வேலையை அவர் நம்பி ஒப்படைத்தது ஒரு கன்னியர் மடத்திடம் என்பதைக் கவனியுங்கள்.

பக்கா என்ற மற்றொரு துறவி ஐம்பது காசுகளும் பீடத்துணி ஒன்றும் அனுப்பிவைத்து, அவர் கேட்ட மறைசாட்சிகள் வரலாற்று நூல் இன்னும் கிட்டவில்லை, கிட்டியவுடன் அனுப்புவேன் என்று எழுதுகிறார். உரோமையிலிருந்து ஒரு திருத்தொண்டர் மிளகும் இலவங்கப்பட்டையும் அனுப்புகிறார். அந்த மிளகு இந்தியாவின் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறி எத்தனை கை மாறி அங்கே போய்ச் சேர்ந்ததோ! அஞ்சல்துறை இல்லாத காலத்தில், நல்ல சாலையும் இல்லாத நாட்டில், இத்தனை கடிதங்களும் பொதிகளும் மனிதர் தோளிலும் குதிரையிலும் படகிலும் போய்வந்தன. இது எளிதான வேலையா? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். போனிபாஸின் அடி கோடரியடி அல்ல, கடிதத்தின்மேல் கடிதம்.

லியோபா

732-ஐ ஒட்டி அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் விம்போர்ன் மடத்தில் பயின்று வந்த லியோபா என்ற இளம் பெண். தம் தந்தை தின்னே இறந்து எட்டு ஆண்டுகள் ஆயின. தாய் ஏபா நோயுற்றுத் துன்புறுகிறார். தாமோ அவர்களுக்கு ஒரே மகள். போனிபாஸ் தந்தைக்கு நண்பர், தாய்க்கு உறவினர். ஆகவே அவரைத் தம் சகோதரராகக் கொள்ள விரும்புவதாக எழுதுகிறார். கடிதத்தின் முடிவிலே, தாம் எட்பர்காவிடம் யாப்புக் கற்று வருவதாகவும், பழகுவதற்காக எழுதிய சில அடிகளை இணைத்திருப்பதாகவும், தம் இலத்தீனில் உள்ள பிழைகளைத் திருத்தித் தருமாறும் கேட்கிறார்.

இந்த வரிகளை நம் பெற்றோர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். தந்தை இல்லை. தாய் படுக்கையில். ஒரே பெண். இத்தகைய வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது எது? பெண்ணின் படிப்புத்தான். “எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது, போதும்” என்ற சொல்லை எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! அன்று லியோபாவைப் பார்த்து யாரேனும் அப்படிச் சொல்லியிருந்தால், ஜெர்மனியின் திருச்சபை வரலாற்றில் ஓர் அதிகாரமே இல்லாமற் போயிருக்கும்.

ஏனெனில், பல ஆண்டுகள் சென்றபின் போனிபாஸ் விம்போர்ன் மடத்தலைவி தெத்தாவுக்கு எழுதி, லியோபாவைத் தமக்குத் துணையாக அனுப்புமாறு கேட்டார். தெத்தாவுக்கு அவரைப் பிரிய மனமில்லை, ஆயினும் அனுப்பினார். தௌபர் ஆற்றங்கரையில் பிஷொஃப்ஸ்ஹைம் என்னும் ஊரிலே எழுந்த கன்னியர் மடத்துக்கு லியோபா தலைவியானார். தெக்லா, வால்பர்கா முதலிய சகோதரிகளும் இங்கிலாந்திலிருந்து வந்து வேறு மடங்களை நடத்தினார்கள்.

லியோபாவின் வரலாற்றை ஃபுல்டா மடத்துத் துறவி ருடால்ஃப் 836-ஐ ஒட்டி எழுதினார். திருநூல், திருச்சபைத் தந்தையர் நூல்கள், சங்கங்களின் சட்டங்கள் ஆகிய அனைத்தையும் கற்றவர் அவர். செபம், உணவு, உறக்கம் தவிர மற்ற நேரத்தில் ஏட்டைக் கீழே வைக்கமாட்டார் என்கிறது அந்நூல். தம் சகோதரிகள் அளவுக்கு மீறிக் கண்விழிப்பதை அவர் அனுமதிக்கவில்லையாம். உறக்கம் கெட்டால் அறிவு மங்கும், வாசிப்பு பாழாகும் என்பாராம். தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விளக்கெரிக்கும் மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்! அவர் நண்பகலில் ஓய்வெடுக்கும்போது இளம் சகோதரிகள் படுக்கையருகே அமர்ந்து திருநூல் வாசிப்பார்கள். தூங்கிவிட்டார் என்றெண்ணி யாராவது ஒரு சொல்லை விட்டாலோ பிழையாகப் படித்தாலோ உடனே கண்திறந்து திருத்துவாராம்.

ஆயர்கள் அவரிடம் வந்து கலந்து பேசினர். அந்நாட்டு மடங்கள் தங்களுக்குத் தலைவியராக அவருடைய மாணவியரையே நாடின. ஓக் மரத்தை வெட்டியதால் ஓர் ஆலயத்துக்குப் பலகை கிடைத்தது. லியோபா ஏட்டை எடுத்ததால் ஊர் ஊராக ஆசிரியைகள் கிடைத்தார்கள்.

மறைந்திருந்த பெயர்

இந்த மரபிலே வந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வால்பர்காவின் சகோதரர் வில்லிபால்டு ஐக்ஸ்டாட் நகரின் ஆயர். முன்பு குறிப்பிட்ட வரலாற்றாசிரியர் வேறு, இவர் வேறு. இளமையில் எருசலேம்வரை பயணம் செய்தவர். முதுமையில், 778-ஆம் ஆண்டு, ஹைடன்ஹைம் மடத்தில் அந்தப் பயணக் கதையை அவர் சொல்லச் சொல்ல, அங்கிருந்த ஆங்கிலோ-சாக்சன் சகோதரி ஒருவர் கேட்டு நூலாக எழுதினார். எழுதியவர் தம் பெயரை வெளிப்படையாகப் போடவில்லை. தாம் ஒரு பெண், தகுதியற்றவள் என்று பணிவுடன் கூறிவிட்டு, இரு நூல்களுக்கிடையே ஒரு மறைமொழியில் தம் பெயரைப் பொதிந்து வைத்தார். அந்தப் புதிரை 1931-இல்தான் பெர்ன்ஹார்டு பிஷோஃப் என்ற அறிஞர் விடுவித்தார். “ஹூகபர்க்” என்ற பெயர் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்தது. முழு நூல் ஒன்றை இயற்றியதாக நாம் அறியும் முதல் ஆங்கிலப் பெண் அவரே என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

பணிவு நல்ல குணம்தான். ஆனால் ஹூகபர்க் பெயரை மறைத்தாரேயன்றி அழிக்கவில்லை. தேடுகிறவர் ஒருநாள் கண்டுகொள்ளட்டும் என்றே எழுதி வைத்தார். கட்டுரை எழுதிவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்று நாணும் மாணவியரே, அந்தச் சகோதரிக்காகவாவது உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.

ஒரு மறுப்பு

“மரம் வீழ்ந்திராவிட்டால் மக்கள் கேட்டிருக்கவே மாட்டார்களே? கோடரி வழி திறந்தது, எழுதுகோல் பின்னே வந்தது” என்று சிலர் சொல்லக்கூடும். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அன்று கூடியிருந்தவர்கள் மனம் மாறியதாக வில்லிபால்டும் சொல்கிறார்.

ஆனால் கோடரி மட்டும் இருந்து எழுதுகோல் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. போனிபாஸ் இறந்து 18 ஆண்டுகள் கழித்து, 772-இல், சார்லஸ் மார்ட்டலின் பேரனான மாமன்னன் சார்லமேன் சாக்சன் மக்கள்மேல் படையெடுத்து, அவர்கள் போற்றிய இர்மின்சுல் என்னும் தூணை அழித்தான். முதலில் பார்த்தால் ஓக் மரத்தின் கதைபோலவே இருக்கிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வந்தவை ஏடுகளல்ல, படைகள். திருமுழுக்குப் பெற மறுத்தால் மரணம் என்று சட்டம் வந்தது. 782-இல் வெர்டன் என்னுமிடத்தில் ஒரே நாளில் 4,500 பேர் கொல்லப்பட்டதாக அக்கால ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. போர் 804 வரை ஓயவில்லை. மன்னனுடைய அவையிலேயே இருந்த ஆங்கிலோ-சாக்சன் அறிஞர் அல்குயின் 796-இல் துணிந்து எழுதினார்: விசுவாசம் விருப்பத்தால் வருவது, ஒருவரை அதற்கு ஈர்க்கலாம், வற்புறுத்த இயலாது என்பது அவர் கருத்து. போனிபாஸோ அதே சாக்சன் மக்களைப் பற்றி எழுதும்போது, நம் இரத்தமும் எலும்புமாக உள்ள உறவினர் என்று சொல்லித் தம் நாட்டவரிடம் செபம் கேட்டவர். உறவினர் என்று கருதியவர் விட்டுச்சென்றது பள்ளிகளை. எதிரி என்று கருதியவன் விட்டுச்சென்றது கல்லறைகளை.

குறையும் உண்டு

புனிதர் என்றால் குறையே இல்லாதவர் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. போனிபாஸ் கண்டிப்பு மிகுந்தவர். பவேரியாவில் இலத்தீன் சரியாகத் தெரியாத ஒரு குரு, திருமுழுக்குச் சொற்களை விகுதி மாற்றிப் பிழையாக உச்சரித்தார். இலக்கண ஆசிரியரான போனிபாஸால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மீண்டும் திருமுழுக்கு வழங்க உத்தரவிட்டார். பவேரியாவில் பணியாற்றிய விர்ஜில் என்ற குரு இதை மறுத்துப் பாப்பரசருக்கு எழுதினார். 746-இல் பாப்பரசர் சக்கரியாஸ் விர்ஜிலின் பக்கமே தீர்ப்பளித்தார். அந்தக் குரு தவறான கொள்கையால் அல்ல, மொழி தெரியாமையால் பிழை செய்தார். மறுபடியும் திருமுழுக்குத் தேவையில்லை என்று விளக்கினார்.

எழுத்தைப் போற்றுகிறவர்களுக்கு இதிலே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. படிப்பு, படிக்காதவரை இகழும் ஆயுதமாக மாறக்கூடாது. எழுதுகோலைக் கூடக் கோடரியாகப் பிடிக்க முடியும். தாயின் பேச்சில் உள்ள பிழையைக் கண்டு சிரிக்கும் மகளும், கிராமத்திலிருந்து வந்த தோழியின் உச்சரிப்பைக் கேலி செய்யும் மாணவியும் அதைத்தான் செய்கிறார்கள். லியோபாவின் இலத்தீன் பிழைகளை அன்போடு திருத்தித் தரவும் இதே இலக்கண அறிவுதானே துணையாகும்?

கடைசிப் பயணம்

எண்பதை நெருங்கிய வயதில் போனிபாஸ் மீண்டும் ஃபிரீசியாவுக்குப் புறப்பட்டார். இளமையில் தோல்வி கண்டு திரும்பிய அதே நாடு! புறப்படுமுன் அவர் கவலையெல்லாம் விட்டுச்செல்பவர்களைப் பற்றித்தான். அரசவையிலிருந்த ஃபுல்ராடு என்பவருக்கு 752-ஐ ஒட்டி எழுதிய மடலில், தம் குருக்கள் எல்லைப்புறத்தில் வறுமையில் வாழ்கிறார்கள், உண்ண அப்பம் கிடைக்கிறது, உடுக்க உடை இல்லை என்கிறார். எழுத்துக் கற்றுவரும் சிறுவர்களையும் மறவாமல் குறிப்பிட்டு, தமக்குப் பின் அவர்களைக் கைவிட வேண்டாம் என மன்றாடுகிறார். லியோபாவை அழைத்து, இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தம் மேலாடையை அவருக்குக் கொடுத்தார். தம் கல்லறையிலேயே லியோபாவும் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று துறவிகளிடம் சொல்லிவைத்தார். புத்தகப் பெட்டியிலே தம் உடலைச் சுற்ற ஒரு வெள்ளைத் துணியையும் வைக்கச் சொன்னார்.

754 ஜூன் 5-ஆம் நாள் டாக்கும் என்னுமிடத்தில், உறுதிப்பூசுதல் பெற வருவோருக்காகக் காத்திருந்தபோது ஆயுதமேந்திய கூட்டம் ஒன்று அவர்களைத் தாக்கியது. எதிர்த்துப் போரிட வேண்டாம் என்று தம்முடன் இருந்தவர்களைத் தடுத்தார் ஆயர். அவரும் துணைவர்களும் கொல்லப்பட்டனர். பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று கொள்ளையர் பெட்டிகளை உடைத்தனர். உள்ளே இருந்தவை புத்தகங்கள். ஏமாற்றத்தில் அவற்றை வயலிலும் சதுப்பிலும் வீசியெறிந்தனர்.

ஃபுல்டா நகரில் ஆழமான வெட்டுக்காயங்களோடு ஒரு பழைய நூல் இன்றும் இருக்கிறது. தலைக்குமேல் அவர் உயர்த்திப் பிடித்த நூல் அதுவே என்பது மரபு. உறுதியாகச் சொல்ல வரலாற்றறிஞர் தயங்குகின்றனர். ஆனால் அந்த நூலுக்குள் எழுதியிருக்கும் ஒரு செய்தியில் ஐயமில்லை. அதை எழுதுவித்தவர் ராகின்ட்ரூடிஸ் என்ற ஒரு பெண்.

782-ஐ ஒட்டி லியோபா இறந்தார். ஆயரின் கல்லறையைத் திறக்கத் துறவிகள் அஞ்சியதால், அதே ஃபுல்டா ஆலயத்தில் பீடத்தின் வடபுறம் அவரை அடக்கம் செய்தனர்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, இந்தப் புனிதரின் திருநாளைக் கொண்டாடும்போது கோடரியை மட்டும் காட்ட வேண்டாம் என்பதே நான் கூற விரும்புவது. அவர் கையில் ஒரு புத்தகத்தையும் அருகிலே லியோபாவையும் வரைய ஓவியம் தீட்டும் மாணவிகள் முன்வரட்டும். அருட்சகோதரிகள் இந்தக் கடிதங்களின் கதையை வகுப்பில் சொல்லட்டும். தங்கள் சபைகளுக்கெல்லாம் முன்னோடிகளான பெண்களின் கதை அது.

பெற்றோர்களே, வீட்டில் துன்பம் வரும்போது மகளின் படிப்பைக் கடைசியாக நிறுத்துங்கள். முடிந்தால் நிறுத்தவே வேண்டாம். நோயுற்ற தாய்க்கு லியோபாவைவிட நல்ல மகள் யார் இருந்திருக்க முடியும்?

மாணவியரே, உங்களில் ஒருத்தி இன்று எழுதும் கடிதம் பிழையோடு இருக்கலாம். பரவாயில்லை; திருத்தித் தரச் சொல்லி ஒருவருக்கு அனுப்புங்கள். லியோபாவும் அப்படித்தான் தொடங்கினார்.